நிழற்படத்தில் விழாத நாட்கள்

1860ஆம் ஆண்டுச் சித்திரைத் திங்களில், ஒரு சந்தை நாளில், அரியலூர்க் கடைத்தெரு எவ்வாறு காட்சியளித்தது? வண்டிகள் எங்கே அவிழ்த்துவிடப்பட்டன? புளியும் மிளகாயும் எந்த அளவையால் அளந்து விற்கப்பட்டன? பெரம்பலூரிலிருந்து வந்த உழவர் எத்தகைய மேலாடை அணிந்திருந்தார்? மாணவ நண்பர்களே, இவ்வினாக்களுக்கு விடை கூறவல்ல வரலாற்று நூல் ஒன்றனைத் தேடினால் நாம் ஏமாற்றமே அடைவோம்.

அதே நிலப்பகுதியில் ஏறத்தாழ 840 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தவை பற்றியோ நமக்கு நிரம்பத் தெரியும். 1014 முதல் 1044 வரை ஆட்சிபுரிந்த முதலாம் இராசேந்திர சோழன் எந்தெந்த நாடுகளை வென்றான், கங்கைகொண்ட சோழபுரத்தை எவ்வாறு தலைநகராக்கினான் என்பனவற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் எடுத்துரைக்கின்றன. வேந்தனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. சந்தைக்கு வந்த உழவனுக்கு மெய்க்கீர்த்தி பாடியவர் எவருமிலர். ஆகவே, எளிய மக்களின் அன்றாட வாழ்வைப் பதிந்துவைக்கத்தக்க கருவி ஒன்று உலகிற்கு வந்தபோது, அஃது அக்குறையைத் தீர்த்துவைத்ததா என்று கேட்பது பொருத்தமே. நிழற்படக் கருவியைத்தான் கூறுகின்றேன்.

அக்கருவி நம்மிடம் வந்துசேர்வதற்குச் சற்று முன்னர் நேர்ந்த இழப்பு ஒன்றை இங்கே குறிப்பிடல் வேண்டும். கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் 1836ஆம் ஆண்டில் கீழணை கட்டப்பட்டது. அதற்குக் கருங்கல் வேண்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் திருமதில் அருகிலேயே நின்றது. மதிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அணைக்குச் சென்றன. ஊர் மக்கள் தடுக்க முயன்றனர் என்றும், கல் மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்று அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது என்றும், அவ்வாக்குக் காப்பாற்றப்படவில்லை என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பொன்று கூறுகின்றது. அணையால் வயல்கள் செழித்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். இடைவெளி மூன்றே ஆண்டுகள்! அம்மதில் முழுமையாக நின்ற தோற்றத்தைக் காட்டும் நிழற்படம் ஒன்றுகூட இருத்தற்கு இயலாமற் போயிற்று.

1839இல் பாரிசு நகரில் தாகர் என்பாரின் முறை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் டால்பட்டு என்பார் தாளிலே படம் பதியும் முறையை வெளியிட்டார். முன்னது வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் ஒரே படத்தைத் தருவது. பின்னதோ மறிநிலைப் படம் ஒன்றிலிருந்து எத்தனை படிகள் வேண்டினும் எடுக்க வல்லது. இவ்விரண்டாம் வழியே பின்னர் வென்றது. சென்னையில் 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் அண்ட்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி, காலப்போக்கில் நிழற்படக் கலையையும் கற்பித்தது. இன்று எழும்பூர்ப் பக்கத்தில் கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அப்பள்ளியே.

தென்னாட்டில் இக்கலையின் வரலாற்றைப் பேசுவோர் எவரும் லின்னேயசு டிரைப் என்னும் படைத்தலைவரைக் கடந்து செல்ல இயலாது. அவர் சென்னைப் படையில் பணியாற்றிய ஆங்கிலேயர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படங்கள் எடுத்தவர். 1856இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1857 திசம்பரில் புறப்பட்டு 1858 ஏப்பிரல் வரை, மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு ஆகிய இடங்களிற் படம் பிடித்தார். எழும்பூர்ப் பள்ளியில் பயின்ற அய்யாசாமி என்னும் தமிழர் அவருக்கு உதவியாளராக இருந்தார்.

அக்காலத்தில் ஒரு படம் எடுப்பதென்பது எத்துணைத் தொல்லை என்பதை இன்றைய மாணவர் உணர்தல் அரிது. மெல்லிய தாளில் மெழுகு ஏற்றி, வெள்ளி உப்புகளை ஊட்டி, இருளிலே உலர்த்தி, கருவிக்குள் வைத்து, மூடியைத் திறந்து, நிமிடக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். பின்னர் மீண்டும் இருளிலே தாளைக் கழுவ வேண்டும். கோடை முற்றினால் மருந்துகள் கெட்டுப்போகும். குளிர்காலத்திற் புறப்பட்டு இளவேனில் வெம்மை ஏறுமுன் பயணத்தை முடிப்பது நல்லறிவே. டிரைப் இத்தனை இடையூறுகளுக்கும் நடுவில் செய்த செயல்களுள் ஒன்று வியப்பூட்டுவது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக ஆக்கினார்.

ஆயினும் அவர் படங்களை உற்று நோக்குங்கள். அகன்ற தெருக்கள், தூண்கள் நிறைந்த மண்டபங்கள், குளங்கள். மக்கள் எங்கே? மதுரையும் திருச்சியும் அன்று ஆளற்ற ஊர்களாகவா இருந்தன? இல்லை. நடமாடியவர் எவரும் அத்தாளில் பதியவில்லை. தூண் நின்றது, தூண் பதிந்தது. தூணருகே பூ விற்றவள் கையை அசைத்தாள்; அவள் மறைந்தாள். அசையாதவற்றிற்கு மட்டுமே இடந்தந்த தாள் அது. மற்றொன்றும் சொல்லலாம்: வானம் அத்தாளில் வெறும் வெண்மையாகவே விழுந்தமையால், டிரைப் சில மறிநிலைப் படங்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். மேகத்தைச் சேர்க்கத் தோன்றிய அவருக்கு மனிதரைச் சேர்க்க வழியில்லாமற் போயிற்று!

அவர் வெளியிட்ட தொகுதிகளின் தலைப்புகளில் அரியலூர் இல்லை, பெரம்பலூர் இல்லை, கங்கைகொண்ட சோழபுரமும் இல்லை. திருச்சி மலைக்கோட்டை வரை வந்த படக்கருவி, அதே மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதிக்கு அந்நாளில் பெருமை ஒன்றும் தரவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன், இஃதோர் ஆடம்பரச் செலவு என்று கருதி அப்பணியையே நிறுத்திவிட்டார்.

அடுத்து வந்தோர் மனிதரையும் படம் எடுத்தனர். ஆனால் எவ்வாறு? 1868 முதல் 1875 வரை இலண்டனில் எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு பெருநூல் வெளிவந்தது. அதில் நம் நாட்டு மக்கள் குலத்தாலும் தொழிலாலும் வகைப்படுத்தப்பெற்றுப் படங்களாக நின்றனர். அருங்காட்சியகத்தில் வண்ணத்துப்பூச்சியை ஊசியால் குத்தி நிறுத்துவதைப் போன்ற முயற்சி அது. சென்னை நகரத்துப் படநிலையங்களும் அஞ்சலட்டை வாணிகரும் அவ்வழியே சென்றனர். நாவிதரும், தயிர் விற்பவளும், நெசவாளியும் தத்தம் கருவிகளுடன் திரைச்சீலையின் முன்னே நிறுத்தப்பட்டனர். தலை அசையாதிருக்க அவர்தம் பின்னால் இரும்புக் கவை ஒன்று தாங்கியிருக்கும். தறி உண்டு, தெரு இல்லை. ஆள் உண்டு, பெயர் இல்லை.

இந்நிலையில், கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த வேறுவகை முயற்சியைச் சற்று விரிவாகக் காண்போம். ஈழநாட்டின் மேற்குக் கரையில், களுகங்கை கடலொடு கலக்குமிடத்தில் களுத்துறை என்னும் ஊர் உள்ளது. அங்கே 1875இல் வந்து குடியேறியவர் சூலியா மார்கரெட்டு கேமரன் என்னும் அம்மையார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முதலாகப் படக்கருவியைக் கையில் எடுத்து, இங்கிலாந்தின் பெரும்புலவரையும் அறிவியலாரையும் படமெடுத்துப் புகழெய்தியவர். அவருடைய கணவர்க்கும் மைந்தர்க்கும் ஈழத்தில் காப்பித் தோட்டங்கள் இருந்தன.

கடற்காற்றும் வெப்பமும் கலந்த களுத்துறையில் அவர் கையாண்ட முறையோ மிகக் கடினமானது. கண்ணாடித் தகட்டில் மருந்துக் குழம்பைப் பூசி, அஃது உலர்வதற்குள் படம் எடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவிவிட வேண்டும். இங்கிலாந்திலேயே கால் மணி நேரத்திற்குள் முடிக்கவேண்டிய வேலை இது. வெப்ப நாட்டில் கேட்க வேண்டுவதில்லை. 1877இல் அவரைக் காண வந்த மேரியன் நார்த்து என்னும் ஓவிய அம்மையாரை, சுடும் நண்பகலில் காசுமீரக் கம்பளிப் போர்வை அணிவித்துத் தென்னங்கீற்றின் கீழே நிறுத்திப் படமெடுத்தார் என்று அறிகிறோம். ஆர்வம் மிகுந்தோர் பிறர் படும் வெப்பத்தைக் கணக்கிடுவதில்லை போலும்!

புகழ்பெற்றோர் எவருமில்லாத அவ்வூரில் கேமரன் அம்மையார் யாரைப் படமெடுத்தார்? அருகிலிருந்த உழவரையும், தோட்டத் தொழிலாளரையும், குடமேந்திய பெண்டிரையும் எடுத்தார். அவர் ஈழத்தில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றுள் ஒன்றன் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்று பொருள்படுவது. படத்திலுள்ளோரிற் சிலர் தமிழ்த் தொழிலாளர் என்று ஆய்வாளர் கருதுவர். அக்காலத்தில் ஈழத்துக் காப்பித் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்தும் தோணியேறியும் சென்றனர். நம் பெரம்பலூர், உடையார்பாளையம் வட்டங்கள் அன்றைய திருச்சி மாவட்டத்தைச் சார்ந்தவை. எனவே அப்படங்களில் நம்மை நோக்கும் முகங்களுள் ஒன்று நம் பக்கத்து முகமாகவும் இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதற்குமேல் நம்மாற் கூற முடியவில்லை. ஏனெனில் அவர்தம் பெயர் எழுதிவைக்கப்படவில்லை. இங்கிலாந்திற் படமெடுத்தபோது கவிஞரின் பெயரையும் அறிஞரின் பெயரையும் படத்தின் கீழே எழுதிய அதே கைதான், களுத்துறையில் ‘குடியானவர்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டது. கலையுணர்ச்சியில் அப்படங்கள் உயர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வரலாற்றுச் சான்று என்ற வகையில் அவை பாதிதான் பேசுகின்றன. அம்மையார் 1879 சனவரியில் ஈழத்து மலைநாட்டிலேயே காலமானார்.

அதன்பின் கருவி விரைந்து எளிதாயிற்று. உலர்ந்த தகடுகள் வந்தன. நொடியின் சிறு கூறிலே படம் விழுந்தது. 1888இல் ஈசுட்டுமன் என்னும் அமெரிக்கர் ‘கோடாக்கு’ கருவியை வெளியிட்டார். 1900இல் ஒரே டாலர் விலையில் ‘பிரௌனி’ பெட்டி வந்தது. ஓடும் மாடும், பறக்கும் கொக்கும், சிரிக்கும் குழந்தையும் இனித் தப்ப இயலாது. தாளின் மந்தம் என்று காரணம் கூறுதற்கு இனி இடமில்லை.

ஆயினும் நம் வீட்டுக் கூடத்துச் சுவர்களைப் பாருங்கள். அங்கே தொங்குபவை எவை? மணமக்கள் படம்; பள்ளியின் குழுப்படம்; மாலை சூட்டிய முன்னோர் படம். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் பாட்டிமார் அஞ்சியதுண்டு. இறந்தபின் எடுத்த படம் ஒன்றே சிலருக்கு வாய்த்த ஒரே படம். விழா நாளும் துயர நாளும் படமாயின. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பல்லாயிரம் நாட்கள் படமாகவில்லை. பாட்டி அம்மியில் அரைத்தாள், நாற்பதாண்டு அரைத்தாள். அரைத்த நிலையில் எடுத்த படம் எத்தனை வீடுகளில் இருக்கும்?

ஒரு தனி மனிதருக்கு நேர்வது ஓர் ஊருக்கும் நேரும். 1956 நவம்பர் 23ஆம் நாள், அரியலூருக்கு அருகில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் நிலைகுலைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளைய புகைவண்டி அமைச்சர் இலால் பகதூர் சாத்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். நாடெங்கும் நாளிதழ்களில் அரியலூரின் பெயரும், கவிழ்ந்த பெட்டிகளின் படமும் இடம்பெற்றன. அதற்கு முந்திய நாளின் அரியலூரை எவரும் கேட்கவில்லை. அன்று காலை அப்புகைவண்டி நிலையத்தில் தேநீர் விற்றவரும், பாரவண்டி ஓட்டியவரும், எருமை மேய்த்த சிறுவனும் வரலாற்றில் விழவில்லை.

இங்கே ஓர் இயல்பான முரணைச் சுட்டுவேன். அரியலூர், பெரம்பலூர் நிலமே ஒரு பெரும் பதிவேடு. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, இப்பகுதியைக் கடல் பலகாலும் சூழ்ந்தும் பின்வாங்கியும் இருந்தது. இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டில் நிற்கும் அரியலூர், அன்று கடற்பரப்பு. காரைக் கிராமத்து வறண்ட மண்மேடுகளிலும் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களிலும், சுருள்வடிவ ஓடுடைய அம்மோனைட்டுகளும், சிப்பிகளும், சுறாவின் பற்களும் கிடைக்கின்றன. 1840களில் இவற்றைத் திரட்டிய கேய், கன்லிப்பு ஆகியோரின் சேகரங்களை 1846இல் எட்வர்டு போர்பசு ஆராய்ந்து வெளியிட்டார். 1862இல் பிளான்போர்டு இப்பாறைகளின் அடுக்குகளை வரையறுத்தார். பின்னர்ச் சிடோலிச்கா என்னும் அறிஞர் பல தொகுதிகளில் அவ்வுயிர்களை ஓவியங்களுடன் விளக்கினார். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடைய கல்மரம் ஒன்று கிடக்கின்றது. 1940இல் அதனை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருட்டிணன்.

இப்பாறைகளிற் காணப்படுபவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பவை பேருயிர்களின் எலும்புகள் அல்ல. சேற்றிலே ஒரு புழு துளைத்துச் சென்ற வளை கல்லாகியிருக்கின்றது. அப்புழுவின் உடல் இல்லை. அஃது ஒரு நாளில் செய்த வேலை மட்டும் இருக்கின்றது. கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சாதாரண நாள் அங்கே பதிந்துள்ளது. புழுவுக்குக் கிடைத்த அப்பேறு, நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ச் சந்தையில் நின்ற மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று இம்மாவட்டத்தின் சீமைக்காரைத் தொழிலுக்கு மூலம். ஆலைகள் பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. அதே வேளையில், நேற்று வயலாக இருந்தது இன்று பள்ளமாகின்றது. பாறையோடு தொல்லுயிர்ப் பதிவுகளும் அரைபட்டுப் பொடியாகின்றன. சாலையோர மரங்கள் பாரவுந்துகளின் வெண்புழுதியைப் போர்த்து நிற்கின்றன. 1836இல் மதிலுக்கு நேர்ந்தது போன்றதொன்று மெல்ல மெல்ல நடைபெறுகின்றது என்றால் மிகையாகாது. வேறுபாடு ஒன்றே: இன்று கருவி நம் கையில் இருக்கின்றது. டிரைப் மாட்டுவண்டிகளில் ஏற்றிச் சென்றதனினும் திறன்மிக்க கருவி ஒவ்வொரு மாணவர் வீட்டிலும் கைப்பேசியாக உள்ளது.

எதைப் படமெடுப்பது? கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தை ஆயிரவர் எடுத்துவிட்டனர்; இனியும் எடுப்பர். நான் கூறுவது பங்குனியிலும் சித்திரையிலும் செந்துறை, செயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் நிகழ்வதை. பழம் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து உடைக்கும் பெண்களின் கைகளைப் பாருங்கள். கொட்டையின் எண்ணெய் தோலைச் சுடாதிருக்கச் சாம்பலைப் பூசிக்கொள்வர். உடையார்பாளையத்துப் பக்கத்தில் விடியற்காலையில் தெருநீளத்திற்குப் பாவு நீட்டி நெசவாளர் சீர்செய்வதைப் பாருங்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும். பெரம்பலூர்ப் பகுதியில் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காக்கும் முறையும், தார்ச்சாலை ஓரத்தில் மக்காச்சோளத்தைக் காயவைக்கும் காட்சியும் உண்டு. கரைவெட்டி ஏரியில் குளிர்காலத்தைக் கழித்த வரித்தலை வாத்துகள் இமயத்திற்கு அப்பால் திரும்பிச் சென்றபின், அவ்வேரியில் யார் வலை வீசுகின்றனர், எங்கே மாடு இறங்குகின்றது என்பதும் காணத்தக்கதே. பறவை உள்ளபோது படமெடுப்போர் பலர். பறவை போனபின் எடுப்போர் அரியர்.

எடுப்பதற்கு முன் ‘எடுக்கலாமா, அம்மா?’ என்று ஒரு சொல் கேட்டல் வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடல் வேண்டும். இசைந்தால் அவர் பெயரைக் கேட்டு, அவர் விரும்பும் வண்ணம் எழுதிக்கொள்க. அவர்க்கும் ஒரு படியைக் கொடுத்துவிடுக. கைப்பேசியிலேயே கிடக்கும் படம் கைப்பேசியோடு மறையும். எனவே ஆண்டிற்குப் பத்துப் படங்களையேனும் நல்ல தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் ஊர், தெரு, திங்கள், ஆண்டு, செய்யும் வேலையின் உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றை எழுதிப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். சுரங்கம் நெருங்கிவரும் சிற்றூர்களில் இருப்போர், ஏரிக்கரையிலோ கோயில் வாயிலிலோ ஓரிடத்தைத் தெரிந்து அடையாளமிட்டுக்கொண்டு, ஆண்டுதோறும் சித்திரை முதல் நாளில் அவ்விடத்திலேயே நின்று, அதே திசையை நோக்கி ஒரு படம் எடுத்துவருதல் எளிது.